ஏர் ரைபிளுக்கு மர ஸ்டாக்: தேக்கா, சில்வர் ஓக்கா?

போன டிசம்பரில் ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்தில் ஒரு வாரம் தங்கினேன். சேலத்தில் பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டையும் (சிறு ஈயக் குண்டு) ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போடும் என் ஸ்பிரிங் ஏர் ரைபிள், வாரக் கடைசியில் அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளிச் சுட்டது. ஸ்கோப்பில் குறையில்லை. சேலம் வெயிலில் காய்ந்திருந்த மர ஸ்டாக், அதாவது ரைபிளைத் தாங்கும் கட்டை, 1,500 மீட்டர் உயரத்து மூடுபனியை உறிஞ்சி உப்பி, இரும்புப் பாகத்தை ஒரு பக்கமாக நெருக்கியிருந்தது. ஊர் திரும்பியதும் அதே ரைபிளுக்கு இரண்டு ஸ்டாக் செய்து பார்த்தேன்.

முதலில் சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம்தான், ஆனால் ஏற்காட்டில் காப்பிக்கு நிழலும் மிளகுக் கொடிக்குத் தாங்கலும் அதுதான். சல்லிசாகக் கிடைக்கிறது, உளிக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கிறது. ஆண்டு வளையத்துக்குக் குறுக்காக அறுத்தால் பலகை முழுக்க மின்னும் புள்ளிகள் வரும், அவ்வளவு அழகு. குறை, அதன் மென்மை. ஸ்க்ரூவை முறுக்க முறுக்க மரம் அமுங்கிக்கொண்டே போகும். எடையும் குறைவு என்பதால் ஸ்பிரிங் ரைபிளின் முன்னும் பின்னுமான உதறலைத் தாங்காமல் ஸ்டாக் துள்ளுகிறது. இழைக்கும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள், அந்தத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும்.

தேக்கைப் புதிதாக வாங்கவில்லை. இடித்த வீட்டு உத்தரம் ஒன்று கிடைத்தது. பல பத்தாண்டு காய்ந்த மரம், வைரம் எனும் நடுக்கட்டையை மட்டும் எடுத்தால் இனி முறுக்கிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. புதுப் பலகை என்றால் ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காயவிட வேண்டும் என்பார்கள் தச்சர்கள். ஈரத்துக்கு அசைவதில் தேக்கு மிகவும் அடக்கமான மரம், கைக்கும் கனமாக நிற்கிறது. ஆனால் வேலை வாங்கும். மரத்துக்குள் இருக்கும் மணல்சத்து உளியின் கூர்மையைத் தின்றுவிடும். எண்ணெய்ப் பசை இருப்பதால், எபாக்சிப் பசை ஊற்றும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஒட்டாது. பழைய ஆணி உள்ளே கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மரமானாலும் டிரிக்கருக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒல்லியான இடத்தில் நார் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே ஓடினால் ஒரு நாள் அங்கேதான் உடையும்.

ஈட்டி மரம் பார்க்கப் பிரமாதம். கனமும் உறுதியும் உண்டு, ஆனால் 2017 முதல் சைட்டஸ் (அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கும் மரம். ஒரு ஸ்டாக்குக்காக அதைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை. வால்நட் வெளிநாட்டில் பேர் வாங்கிய மரம், இங்கே அதன் விலைக்கு நியாயம் தெரியவில்லை. போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அலுமினிய ஸ்டாக்தான் சரி. பத்து மீட்டர் போட்டியில் இலக்கின் நடுப் புள்ளி 0.5 மில்லிமீட்டர், ரைபிள் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. கன்னமும் தோளும் படும் பாகங்களைப் பிள்ளைகள் வளர வளர நகர்த்திக்கொள்ளச் சாதாரண மர ஸ்டாக்கில் முடியாது.

வெளிநாட்டு வீடியோக்களில் அழகான மர ஸ்டாக்கோடு குழல் முனையில் சைலன்சருக்கு மரை போட்ட ரைபிள்களைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளில் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் பாகங்கள் தடை செய்யப்பட்டவை. அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளே உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது.

சரி, எதை எடுக்கலாம்? ஸ்பிரிங் ரைபிள் என்றால் தயங்காமல் பழைய தேக்கு. பிசிபி (முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் ரைபிள்) என்றால் உதறல் அநேகமாக இல்லை, சில்வர் ஓக்கே போதும். அதில் மட்டும் ஸ்க்ரூ போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டு வைத்து, ஸ்க்ரூவின் இறுக்கம் மரத்தின் மேல் விழாமல் செய்துவிடுங்கள். இரண்டிலும் இரும்பு உட்காரும் பள்ளத்துக்குள் எபாக்சி போட்டு, ஆளிவிதை எண்ணெயை வெளியே பூசுவது போலவே உள்ளேயும் பூச வேண்டும். போன டிசம்பரில் ஏமாந்த ஸ்டாக்கைக் கழற்றினபோது வெளிப்புறம் கண்ணாடி போல மின்னியது, உள்பள்ளம் எண்ணெய் படாத வெறும் மரமாகவே கிடந்தது.