கையில் காசில்லாமல் காமெடி: ‘கிளெர்க்ஸ்’ முதலிலா, ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ முதலிலா?

தாராவியில் சிரிப்புப் படம் எடுக்கத் துடிக்கும் நம் பையன்கள் எதை முதலில் பார்ப்பது என்று கேட்கிறார்கள். இரண்டுமே கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். என் ஓட்டு ‘கிளெர்க்ஸு’க்கு.

கெவின் ஸ்மித் 1994இல் வெளியிட்ட அந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 27,000 டாலர். நியூ ஜெர்சியில் தான் வேலை பார்த்த கடையிலேயே, வியாபாரம் முடிந்த பிறகு ராத்திரியில் எடுத்தார். கதையோ பகலில் நடக்கிறது. ஜன்னல் வழியே இருட்டு தெரிந்துவிடுமே! பூட்டில் யாரோ சூயிங்கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே ஒரு வழி பண்ணினார். கடைப் பையன் துணியில் ஷூ பாலிஷால் ‘சத்தியமாகக் கடை திறந்திருக்கிறது’ என்கிற மாதிரி எழுதி மாட்டுகிறான். பணமில்லாத குறையே சிரிப்பாகிவிட்டது. தொண்ணூறு அடி ரோட்டில் தெரிந்தவர் கடை இருந்தால் இதை நாளைக்கே செய்யலாம்.

ஜிம் ஜார்முஷின் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ (1984) வேறு ரகம். முதல் பகுதியை ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் கொடுத்த மிச்ச பிலிமில் எடுத்தார்கள். ஒரு காட்சிக்கு ஒரே ஷாட், அப்புறம் திரை கறுப்பாகும். வசனம் கொஞ்சம்தான், மௌனத்திலேயே சிரிப்பு வருகிறது. படத்தில் வருகிறவர்கள் ஏரி பார்க்கப் போகிறார்கள், பனியில் ஏரியே தெரியவில்லை! அழகு, ஆனால் நடிகர்கள் அசலாக இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும்.

‘கிளெர்க்ஸ்’ வசனத்தில் கொச்சை அதிகம். ஒற்றை அறை வீடென்றால் ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.