குட்டி ட்ரெய்லரை கேம்பரா, அதாவது படுத்துத் தங்கற வண்டியா மாத்தித் தரேன்னு சொல்ற பட்டறையில காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

எங்க ஊரு கொடவாசல் பக்கம். அம்மாவுக்கு 68 வயசாகுது, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. அவங்களுக்கு இருக்குற ஒரே ஆசை பாடல் பெற்ற தலத்துல காவிரி தென்கரைக் கோயில் 127-ஐயும் பாத்துடணும்ங்கறதுதான். அப்பா இருந்தப்ப ரெண்டு பேருமா பஸ்லயே அலைஞ்சு பாதிக்கு மேல முடிச்சிட்டாங்க. மிச்சம் இருக்குறதுல நிறைய உள்ளடங்கின கிராமம், லாட்ஜ் கிடையாது, பாத்ரூம் கிடையாது, குருக்கள் வீட்டைத் தேடிப் போய் அவரை அழைச்சிட்டு வந்துதான் நடை தொறக்கணும். சுகர் இருக்குறதால அம்மாவுக்கு மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும், இன்சுலினை 2 டிகிரிலேர்ந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும், மத்தியானம் ஒரு மணி நேரமாவது காலை நீட்டிப் படுக்கணும், இதெல்லாம் இல்லாம அவங்களை கூட்டிட்டுப் போறது பாவம்.

எங்கிட்ட ஒரு பொலீரோ இருக்கு. பின்னாடி ஒரு சின்ன மூடின ட்ரெய்லரை மாட்டி அதுக்குள்ள ஒரு கட்டில், ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், ஒரு கெமிக்கல் டாய்லெட், கொஞ்சம் தண்ணி, ஒரு ஃபேன், இவ்ளோ இருந்தா போதும்னு நெனச்சேன். ரொம்ப ஆடம்பரமா எதுவும் கேக்கலை.

தெரிஞ்ச ஒருத்தர் சொல்லி கும்பகோணம் ரோட்டுல இருக்குற ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன், பேரு சொல்ல மாட்டேன். டிராக்டர் டிப்பர் கட்டுறவங்க, வேலை நல்லா பண்ணுவாங்கன்னுதான் பேரு. அவரு போன்ல நாலஞ்சு போட்டோ காட்டினாரு, உள்ள மரக்கலர் லைட் எல்லாம் போட்டு அவ்ளோ அழகா இருந்துச்சு. அந்தப் போட்டோ எல்லாம் வேற யாரோ வேற எங்கயோ கட்டினதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. "தம்பி, அம்மாவுக்காக கேக்குற, நம்ம வீட்டு வேலை மாதிரி பாத்துப் பண்ணிடறேன்"னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன்.

மொத்தம் 3,40,000-ன்னு பேச்சு. ட்ரெய்லரையும் அவரே பழசு ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு, சமையல்காரர் ஒருத்தர் பாத்திர பண்டம் ஏத்திட்டுப் போக வெச்சிருந்த வண்டி, ரெண்டு சக்கரம், தகரப் பெட்டி. தை கடைசியில ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் குடுத்தேன், 45 நாள்னு சொன்னாரு, அப்புறம் ஒவ்வொரு வாரமும் ப்ளைவுட்டுக்கு, பேட்டரிக்கு, டிங்கரிங்குக்குன்னு கேட்டு கேட்டு வாங்கினாரு, அதுலயும் ஒரு தடவை அவரு நம்பருக்கு, ஒரு தடவை மச்சான் நம்பருக்கு, ஒரு தடவை யாரோ கடைக்காரர் நம்பருக்குன்னு அனுப்பச் சொன்னாரு, நானும் ஜிபேல அனுப்பிட்டே இருந்தேன், பில்லு கேட்டா "முடிஞ்சதும் மொத்தமா தரேன் தம்பி"ன்னு பதில். கையில வண்டி வந்தது ஆவணி கடைசியில. அதுக்குள்ள வெல்டர் திருப்பூர் போயிட்டாரு, அறுப்பு சீசன், பட்டறையில கரண்டு இல்லைன்னு கேக்காத காரணமே இல்லை. அதுக்குள்ள 2,90,000 போயிருந்துச்சு.

வண்டி கைக்கு வந்த அன்னைக்கு ஒரு விஷயம் நடந்துச்சு, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பொலீரோவுல மாட்டறதுக்காக ட்ரெய்லரோட முன்பக்க கொக்கியைத் தூக்குறேன், ஒத்தைக் கையாலயே தூக்க முடிஞ்சுது. "பாத்தியா தம்பி, எவ்ளோ பேலன்ஸா கட்டிருக்கேன்"னாரு. நானும் சந்தோஷப்பட்டேன். மூக்கு அவ்ளோ லேசா இருந்தா பின்னாடி கனம் கூடிப் போயிருக்குன்னு அர்த்தம்ங்க, அதுதான் இந்த வண்டியில இருந்த பெரிய ஆபத்தே.

புரட்டாசியில முதல் பயணம். திருவாரூர் போய்ட்டு, அங்கேர்ந்து திருக்காரவாசல், திருக்குவளை, திருவாய்மூர் பாத்துட்டு ராத்திரி வேதாரண்யம்னு பிளான், அஞ்சும் சப்த விடங்கத் தலம், அதாவது தியாகராஜர் இருக்குற ஏழு கோயில்ல சேந்தது, அம்மா ரொம்ப நாளா ஒரே மூச்சுல பாக்கணும்னு சொல்லிட்டு இருந்தாங்க. திருவாரூர் தாண்டி திருத்துறைப்பூண்டி ரோட்டுல 60-ல போறேன், ஒரு பஸ்ஸு எங்களை ஓவர்டேக் பண்ணி முன்னாடி போச்சு, அந்தக் காத்துல ட்ரெய்லரோட பின்பக்கம் லேசா ஒரு ஆட்டு ஆட்டுச்சு, சரியாயிடும்னு பாத்தா ஒவ்வொரு ஆட்டுக்கும் கூடிட்டே போய் பொலீரோவோட பின்பக்கத்தையே இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஸ்டீரிங் என் கையில இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், தண்ணி ரோட்டு மட்டத்துக்கு ஒரு முழம் கீழ ஓடுது. அம்மா "தியாகேசா"ன்னு கத்துறாங்க. பிரேக் அடிக்கப் போன காலை என்னமோ எடுத்துட்டேன், ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுட்டு ஸ்டீரிங்கை நேரா புடிச்சிட்டு இருந்தேன், வேகம் கொறைய கொறைய ஆட்டம் நின்னுச்சு. அப்ப பிரேக்கை அழுத்தி மிதிச்சிருந்தா ட்ரெய்லர் வளைஞ்சு வந்து நம்ம வண்டியையே தள்ளியிருக்கும்னு லாரி ஓட்டுற எங்க சித்தப்பா பின்னாடி சொன்னாரு. அம்மா ட்ரெய்லருக்குள்ள இல்லை, எங்கூட முன்னாடி உக்காந்திருந்தாங்க. பட்டறைக்காரரு "அம்மாவை உள்ளயே படுக்க வெச்சு ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லியிருந்தாரு. ஓடுற ட்ரெய்லருக்குள்ள யாரையும் வெக்கவே கூடாது, யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

அதுக்கப்புறம் கோயில் எதுவும் போகலை. 20-லயே ஊர்ந்து வீட்டுக்குத் திரும்பினோம்.

மறுநாள் ரைஸ்மில் பக்கத்துல இருக்குற எடை மேடையில ட்ரெய்லரை மட்டும் கழட்டி ஏத்தினேன். ஆர்சி புத்தகத்துல மொத்த எடை 750 கிலோன்னு போட்டிருக்கு, அது சாமான், தண்ணி எல்லாம் சேத்து. எடை மேடை சீட்டுல வந்தது 1,160 கிலோ. 410 கிலோ கூடுதல். நெல்லு மூட்டை கணக்குல சொன்னா பத்து மூட்டையை அந்த ஆக்ஸில் மேல சும்மா ஏத்தி வெச்சிருக்காங்க. அப்புறம் மில்லுல இருந்த பிளாட்ஃபார்ம் தராசு மேல முன்கொக்கியை மட்டும் எறக்கி வெச்சுப் பாத்தோம், 35 கிலோதான் காட்டுச்சு. மொத்த எடையில பத்துலேர்ந்து பதினஞ்சு சதவீதம் கொக்கி மேல நிக்கணும், அப்பதான் வால் ஆடாது. எங்க வண்டிக்கு 116 கிலோவாவது வந்திருக்கணும், வந்தது 3 சதவீதம். ஏன்னு உள்ள பாத்தா 100 லிட்டர் தண்ணி டேங்கை கடைசியில வெச்சிருக்காரு, பேட்டரி ரெண்டையும் அதுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்காரு, டாய்லெட்டும் பின்னாடிதான். முன்பக்கம் அம்மா துணிமணி வெக்கற பெட்டி மட்டும். டிப்பர் கட்டுறவருக்கு இது தெரியாதுன்னு நான் நம்ப மாட்டேன், குழாய் இழுக்கற வேலை மிச்சம்னு பண்ணிருக்காரு.

டயரைப் பாத்தேன். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் எந்த வாரம் தயாரிச்சதுன்னு சொல்லும், அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு சொல்லும். 3114-ன்னு இருந்துச்சு, அதாவது 2014-ல வந்த டயர், கறுப்பு பெயிண்ட் அடிச்சு புது டயர்னு 9,000 கணக்கு எழுதிருக்காரு. ஸ்பிரிங் பட்டை நேரா படுத்துடுச்சு.

கரண்டு சமாச்சாரம் இன்னும் மோசம். லித்தியம் பேட்டரின்னு பேசி காசு வாங்கிட்டு, பழைய டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டுக்கு புது ஸ்டிக்கர் ஒட்டி கட்டிலுக்கு அடியில வெச்சு மேல பலகையால மூடிட்டாரு. ஒவ்வொண்ணும் 50 கிலோவுக்கு மேல. அந்தப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், வெளில போக ஒரு ஓட்டை கூட கிடையாது, அதுக்கு மேலதான் அம்மா படுக்கணும். பக்கத்து அலமாரியில 5 கிலோ கேஸ் சிலிண்டர், அதுக்கும் கீழ ஓட்டை இல்லை, சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும், தரை மட்டத்துல வெளியேற வழி இருக்கணும்ங்கறது அடுப்பு ரிப்பேர் பண்றவருக்கே தெரியும். ஒரு தீப்பொறிக்கு என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு தூக்கம் வரலை.

ஒயரும் அப்படித்தான். 12 வோல்ட்டுல கரண்டு ரொம்ப கூடுதலா ஓடும், வீட்டு ஒயரிங் கணக்கு இங்க செல்லாது. 600 வாட் மிக்ஸி ஒண்ணை இன்வெர்ட்டர்ல போட்டா பேட்டரிலேர்ந்து 50 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதுக்கு அவரு போட்டிருந்தது வீட்டு லைட்டுக்குப் போடற 1.5 எம்எம் ஒயரு, பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் எதுவும் இல்லை. வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி சோதிச்சப்ப ரெண்டே நிமிஷத்துல பிளாஸ்டிக் கருகுற வாசம். கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜை ஓட விட்டுப் பாத்தோம், வோல்டேஜ் எறங்கி அதுவா நின்னுடுச்சு, காலையில பாத்தா ரெண்டு இன்சுலின் பேனா வெதுவெதுன்னு கெடக்கு, தூக்கிப் போட்டோம்.

ஐப்பசி மழை வந்ததும் மிச்ச கதையும் வெளில வந்துச்சு. மரைன் ப்ளை, ஐஎஸ் 710, தண்ணியில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி சதுர அடி கணக்குல காசு வாங்கினது. பத்து நாள் மழையில மூலையெல்லாம் ஊறி உப்பி அப்பளம் மாதிரி எழும்பிடுச்சு. எங்க பெரியப்பா மவன் ஆசாரி வேலை தெரிஞ்சவன், "அண்ணே, ஒரு துண்டு வெட்டித் தா, அவிச்சுப் பாப்போம்"னான். வீட்டுல நெல்லு அவிக்கிற அண்டா இருந்துச்சு, அதுல போட்டு கொதிக்க வெச்சோம். 710-ன்னா 72 மணி நேரம் கொதிச்சாலும் ஒட்டு விடக் கூடாது. இது காலையில போட்டது மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி ஏடு ஏடா பிரிஞ்சிடுச்சு, சாதா கமர்ஷியல் ப்ளை. வேலை நடக்கும்போதே ஒரு கையகலத் துண்டு வாங்கி அவிச்சிருந்தா அட்வான்ஸுக்கு அப்புறம் குடுத்த காசாவது மிஞ்சியிருக்கும். பலகையைப் பிரிச்சா உள்ள வெயில் தாங்கறதுக்குன்னு சொன்ன ஃபோம் ஷீட்டு ஜன்னலைச் சுத்தி மட்டும் இருக்கு, மத்த இடத்துல டிவி பெட்டியில வர்ற தெர்மக்கோல் துண்டு, கூரையில அதுவும் இல்லை. கத்திரி வெயில்ல தகரக் கூரைக்கு அடியில அம்மாவை படுக்க வெக்க இருந்தேன்.

காகித விஷயம், இதுலதான் நிறைய பேரு மாட்டுவீங்க. ஆர்சி இன்னும் அந்த சமையல்காரர் பேருலயே இருக்கு. பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கித் தரேன்னவரு கடைசி வரைக்கும் தரலை. "ட்ரெய்லருக்கு எதுக்கு தம்பி ஆர்டிஓ, டிராக்டருக்குப் பின்னாடி எத்தனை ஓடுது, யாரு கேக்குறா"ன்னாரு. மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் வாகனம்ங்கற சொல்லுலயே ட்ரெய்லரும் சேத்திங்க. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தணும்னா 52-வது பிரிவு பாக்கணும், 2019 திருத்தத்துல வந்த 182ஏ படி அனுமதி இல்லாம மாத்தி வெச்சிருந்தா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். அது வண்டி சொந்தக்காரருக்கு. அன்னைக்கு வாய்க்கால்ல எறங்கி யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்கறது இந்தக் காகிதத்தைத்தான், பட்டறைக்காரரு எங்கயும் மாட்டிருக்க மாட்டாரு.

நேர்ல போய் கேட்டேன். எடை மேடை சீட்டைக் காட்டினேன். "நீ கேட்டதைத்தான வெச்சேன், தண்ணி வேணும்னது நீதான"ன்னாரு. காசைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு தடிச்சுப் போச்சு, அம்மாவுக்காக பண்றேன்னு சொன்ன அதே வாய் "அம்மாவை வீட்டுல வெச்சுக்க வேண்டியதுதான"ன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் அங்க நிக்கலை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்திருக்கேன். நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, பிரச்சனை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும், வக்கீல் கட்டாயம் இல்லை. பில்லு இல்லாததால பயந்துட்டு இருந்தேன், ஜிபே விவரம், "மரைன் ப்ளைதான் தம்பி"ன்னு அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜ், எடை மேடை சீட்டு, டயர் போட்டோ எல்லாத்தையும் தேதி வாரியா சேத்துக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. இன்னும் முடியலை.

அம்மா இப்ப ஐஸ் பெட்டியில இன்சுலினை வெச்சுக்கிட்டு பொலீரோலயே வர்றாங்க, ஒரு நாளைக்கு ஒரு கோயில், சாயந்திரத்துக்குள்ள வீடு. திருக்காரவாசல் மட்டும் பாத்தாச்சு.

போன வாரம் அந்தப் பட்டறை வழியா வந்தேன். வாசல்ல இன்னொரு ட்ரெய்லர் நிக்குது, புதுசா பச்சை பெயிண்ட், ஜன்னல் வெட்டிருக்கு, கதவு தொறந்து கெடந்துச்சு. தண்ணி டேங்கு அதே மாதிரி கடைசியில. யாரோடதுன்னு கேட்டேன், பசங்க சொல்லலை. அது உங்களோடதா இருந்தா மிச்சக் காசைக் குடுக்கறதுக்கு முன்னாடி டேங்குல தண்ணியை ரொப்பி நேரா எடை மேடைக்குக் கொண்டு போங்க, கொக்கியையும் தனியா நிறுத்துப் பாருங்க.