வைகை அணை: கிளென் கேன்யனை அளவுகோலாக வைத்து ஒரு மதிப்புரை

வைகை அணைக்குப் போய்வந்து ஸ்டார் போடுகிறவர்களில் பாதிப்பேர் பூங்காவுக்குத்தான் போடுகிறார்கள். ஊஞ்சல் இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா, கழிப்பறை எப்படி? அதுவும் தேவைதான். ஆனால் மதுரைக்கு அணை என்பது பூங்காவை விடப் பெரிய சங்கதி. குழாய்த் தண்ணீர், மேலூர் வரைக்கும் வயல் தண்ணீர், சித்திரையில் அழகர் இறங்கத் தண்ணீர் எல்லாம் அங்கிருந்துதான். இந்தச் சேவைக்கு ஆறு என்ன விலை கொடுத்தது என்று பார்க்க, பக்கத்தில் இன்னோர் அணையை வைத்துப் பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில், கொலராடோ ஆறு அறுத்துக்கொண்டு போன செங்குத்துப் பள்ளத்தாக்கை 1963-ல் அடைத்து நிறுத்திய கிளென் கேன்யன் அணைதான் அதற்குத் தோது. அணைக்குக் கீழே ஆறு என்ன ஆகிறது என்பதை வருஷக்கணக்கில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள்.

முதலில் உருவம். கிளென் கேன்யன் 710 அடி உயரம், மேல்விளிம்பு 1,560 அடிதான். பாறை இடுக்கில் அடித்த ஆப்பு மாதிரி. 1959 ஜனவரியில் திறந்த வைகை அணை 111 அடி உயரம், நீளமோ மூன்றரை கிலோமீட்டர். சமவெளியில் போட்ட பெரிய வரப்பு. அங்கே தேங்கும் பாவெல் ஏரியின் கொள்ளளவு சுமார் 1,096 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி). வைகையில் 71 அடி நிறைந்தால் 6.09 டிஎம்சி. அதாவது 180 வைகை அணை சேர்ந்தால் ஒரு பாவெல்.

கொள்ளளவைக் கேட்டு மலைக்க வேண்டாம், வண்டலைப் பாருங்கள். 1963 முதல் 2018 வரை பாவெல் ஏரி வண்டலால் இழந்த இடம் ஏறக்குறைய 80 டிஎம்சி. பதின்மூன்று வைகை அணைகளை மண்ணால் நிரப்பிய கணக்கு. இத்தனைக்கும் அது மொத்தக் கொள்ளளவில் 7 சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு பெரிய பாத்திரம் என்பதால் தாங்குகிறது. வைகையில் சின்னப் பாத்திரம். வருசநாட்டு மலையில் ஒரு வெள்ளம் அடித்தால் வரும் மண்ணே இங்கே கணக்கில் தெரியும்.

அந்த மண் கீழே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதுதான் அணைக்கட்டு மதிப்புரையில் யாரும் எழுதாத பத்தி. கொலராடோவில் அணைக்கு முன்னால் ஒவ்வொரு வசந்தத்திலும் விநாடிக்கு 80,000 கன அடிக்கு மேல் வெள்ளம் வருவது சாதாரணம். மணலை வாரி கரையோரம் திட்டுத் திட்டாகப் போட்டுவிட்டுப் போகும். அணை வந்ததும் கீழே இறங்குவது கண்ணாடித் தண்ணீர். மணல் இல்லாத தண்ணீர் சும்மா போகாது, இருக்கிற மணலையும் அரித்துக்கொண்டு போகும். கிராண்ட் கேன்யனில் மணல் திட்டுகள் சுருங்கின. இப்போது அந்த ஆற்றுக்கு மணல் தருவது பரியா, லிட்டில் கொலராடோ என்ற இரண்டு துணையாறுகள்தான்.

அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் மதுரைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: செயற்கை வெள்ளம். 1996-ல் முதல்முறை, 45,000 கன அடி, ஏழு நாள். 2023 ஏப்ரலில் 39,500 கன அடி, 72 மணி நேரம். நம் ஊரில் சித்திரை பௌர்ணமிக்கு அணையைத் திறப்பது போலத்தான் என்று தோன்றும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் திறப்பதற்கு முன், பரியாவில் மழைக்கால மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, போதிய மணல் ஆற்றுப்படுகையில் கிடந்தால்தான் திறப்பார்கள். மணல் இல்லாமல் திறந்தால் திட்டு ஏறாது, கரையும். அழகருக்குத் திறக்கும் தண்ணீர் படுகையை நனைக்கும், வைகைக் கரை நிலத்தடி நீருக்கு நல்லது. மணலைத் தராது. அணைக்குக் கீழே மணல் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய மஞ்சளாறு, மருதாநதி இரண்டிலும் அணை இருக்கிறது. மேலக்கால், கோச்சடை, மணலூர் என்று மதுரைக்கு ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்த காலத்தில், மணல்தான் வடிகட்டியும் தொட்டியும். அந்த மணலை அள்ளியது மனிதக் கை. திரும்ப வராமல் தடுத்ததில் அணைக்கும் பங்கு உண்டு. மணல் கணக்கில் இரண்டு அணைக்கும் ஐந்துக்கு ஒன்றரைதான் தரமுடியும். கிளென் கேன்யனுக்கு, பரிகாரம் தேடியதற்காக அரை மார்க் கூட்டிக்கொள்ளலாம்.

ஆவியாவது அடுத்தது. பாவெல் ஏரியில், மட்டத்தைப் பொறுத்து, ஆண்டுக்குச் சுமார் 15 முதல் 25 டிஎம்சி வெயிலில் போகிறது. குறைந்த கணக்கே இரண்டு வைகைக்கு மேல். போதாததற்குச் சுற்றிலும் மணற்பாறை, அதுவும் உறிஞ்சும். ஆனால் ஆழமான பள்ளத்தாக்கில் ஒரு வசதி: அவ்வளவு தண்ணீருக்கு மேற்பரப்பு குறைவு. வைகை தட்டு மாதிரி விரிந்த நீர்த்தேக்கம், மழை மறைவுப் பகுதி வேறு. ஆகவே 2017 ஏப்ரலில் அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மகோல் தகடுகளை மிதக்கவிட்டபோது கையில் எடுத்த பிரச்சினை உண்மையானதுதான். கருவிதான் தப்பு. தெர்மகோலுக்கு எடை கிடையாது. செல்லோ டேப்பில் ஒட்டிய தகட்டின் விளிம்பில் காற்று புகுந்தால் தூக்கிக் கரையில் போட்டுவிடும், அப்படித்தான் ஆனது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2015-ல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் உள்ளேயும் தண்ணீர். அதுவும் 175 ஏக்கர் குளத்துக்கு. வைகை அளவுக்கு அது கட்டுபடியாகாது.

மின்சாரத்தில் ஒப்பீடே இல்லை: அங்கே எட்டு இயந்திரங்களில் 1,320 மெகாவாட், இங்கே 6. ஆனால் அந்த 1,320-க்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. மின்தேவை ஏறும் நேரத்தில் திறந்து இரவில் மூடியதால், பாலைவன ஆற்றில் தினமும் கடல் ஏற்றவற்றம். 1990-களில்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. வைகையில் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், மின்சாரத்துக்காகத் திறப்பதில்லை. இது நம் பக்கத்து நல்ல குணம்.

குளிர்ச்சி விஷயமும் அப்படியே. கிளென் கேன்யனில் இயந்திரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாய், நிறைமட்டத்துக்கு 230 அடி கீழே. முன்பு கோடையில் 27 டிகிரி தாண்டிய ஆறு, வருஷம் முழுக்க 8, 10 டிகிரியில் ஓட ஆரம்பித்தது. அந்த ஆற்றுக்கே உரிய மீன்களில் கொலராடோ பைக்மின்னோ, போனிடெயில் கிராண்ட் கேன்யனை விட்டே போயின. வெளியிலிருந்து கொண்டுவந்த ட்ரவுட் கொழித்தது, தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். பிறகு வறட்சியில் ஏரி இறங்க, மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீர் இயந்திர வாய்க்கு வந்துசேர்ந்தது. அதோடு ஏரியில் இருந்த ஸ்மால்மவுத் பாஸ் மீனும் கீழே இறங்கி 2022-ல் குஞ்சு பொரித்தது. அது உள்ளூர் மீனைத் தின்னும் ஜாதி. 2024 கோடையில், அடியில் உள்ள குழாய்களைத் திறந்து குளிர்ந்த தண்ணீரைக் கலந்துவிட்டார்கள். அந்த நான்கு குழாய்கள்தான், ஏரி கடல்மட்டக் கணக்கில் 3,490 அடிக்குக் கீழே போனால் தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி. 2023 வெள்ளத்துக்குப் பிறகு பார்த்தால் அவற்றின் உள்பூச்சு அரித்திருந்தது. வேகத் தண்ணீரில் குமிழி உண்டாகி வெடிக்கும்போது இரும்பையும் காங்கிரீட்டையும் கொத்தும். 1983 வெள்ளத்தில் இதே காரணத்தால்தான் உபரிநீர்ச் சுரங்கங்கள் பெயர்ந்தன, மதகுக்கு மேலே பிளைவுட் பலகை வைத்துத் தண்ணீரைத் தடுத்தார்கள். 71 அடி ஆழ வைகையில் இந்த உபத்திரவம் கிடையாது.

ஏரி இறங்கியதில் ஒரு நல்லதும் நடந்தது. 1960-களில் முழுகிய பக்கப் பள்ளத்தாக்குகள் வெளியே வந்து, வில்லோ, காட்டன்வுட் மரங்கள் தாமாக முளைக்கின்றன.

நம் அணையின் உண்மையான பலம் பாசனக் கணக்கில் இருக்கிறது. பெரியாறு பாசனத்தில் இருபோகம் 45,041 ஏக்கர், ஒருபோகம் 1,05,002 ஏக்கர். முதல் போகத்துக்கு 900 கன அடி திறக்கிறார்கள். விநாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் ஓடினால் 86.4 மில்லியன் கன அடி செலவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செய்தித்தாளில் வரும் நீர்மட்ட வரியைப் படிக்க இந்த ஒரு எண் போதும். 900 என்றால் நாளுக்கு 78. நிறைந்த அணை, வரத்தே இல்லாவிட்டால், 78 நாளில் காலி. நெல்லுக்கு அது பத்தாது. முல்லைப்பெரியாற்றுச் சுரங்கத் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாய்க்கு மட்டம் 67 அடி வேண்டும், அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போகிறவர்களுக்கு: ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி ஆண்டிபட்டியில் இறங்கினால் அங்கிருந்து கொஞ்ச தூரம். மே மாதம் போனால் வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டு வரலாம். மதகு திறந்து பார்க்க ஆசை என்றால் முதல்நாள் மட்டத்தைப் பாருங்கள்: 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது வந்த பிறகு கிளம்பினால் சரியாக இருக்கும், ஆனால் ஆற்றில் இறங்கக் கூடாது. பூங்கா குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பொரித்த மீனை விட்டுவிடாதீர்கள். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன், ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ட்ரவுட் கதைதான் இங்கேயும். செவுளைத் திறந்து பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டும். சின்ன ஜிலேபியில் சேற்று வாடை அடிக்கும், கையகல மீனாக வாங்கி ஆழமாகக் கீறி மசாலா தடவச் சொல்லுங்கள்.