லோவெல்லில் வீடு வாங்குவதென்றால் கட்டடத்தின் வயதைப் பாருங்கள்

பாஸ்டன் பக்கம் வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட ரேட்டிங்கைப் பார்த்து வெஸ்ட்ஃபோர்ட், ஆக்டன் என்று போய்விடுவார்கள், அதே மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரம் என்றால் "அங்கேயா?" என்பார்கள். நான் முதலில் அங்கே ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தேன், இப்போது பாட்டக்கெட்வில் பகுதியில் சொந்த வீடு. என் கணக்கில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன், குறைகிற ஒன்று ஊருக்காக இல்லை, வீடுகளின் வயசுக்காக.

ஊரே பஞ்சாலைக்காக உருவானது. 1820களில் மெரிமாக் ஆற்றின் அருவியிலிருந்து கால்வாய் வெட்டி, அந்தத் தண்ணீரில் தறி ஓட்டினார்கள். ஆலைகள் போய்விட்டன, செங்கல் கட்டடங்களில் பல இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. உயரமான கூரை, ஆளுயர ஜன்னல், பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் ஜனவரியில் ஹீட்டர் பில் வந்ததும் அந்த ஜன்னல் மேலேயே கோபம் வரும். வாங்குவதாக இருந்தால் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை முதலில் கேளுங்கள், விலையைப் பிறகு பேசலாம்.

எனக்குப் பிடித்தது ஊரின் ஜனங்கள். ஐரிஷ், கிரேக்கர், போர்ச்சுகீசியர் என்று ஆலை வேலைக்கு அலை அலையாக வந்தவர்களுக்குப் பிறகு, தங்கள் நாட்டில் போல் பாட் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி வந்த கம்போடியர்கள் இங்கே குடியேறினார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சுக்கு அடுத்து அவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான், 2022இல் சோகாரி சாவ் என்ற கம்போடிய அமெரிக்கர் மேயராகவே ஆனார். அவர்கள் அதிகம் வாழும் லோயர் ஹைலேண்ட்ஸ் பகுதிக் கடைகளில் பாகற்காய், புளி, கருவாடு எல்லாம் கிடைக்கும். காலையில் அவர்கள் சாப்பிடும் "நோம் பன்சோக்" என்ற அரிசி நூடுல்ஸ் கிட்டத்தட்ட மீன் குழம்பு ஊற்றிய இடியாப்பம்தான், போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். கோயிலுக்கு மட்டும் ஆஷ்லாண்ட் வரை வண்டி ஓட்ட வேண்டும்.

சரி, வீட்டு விஷயம். நூறு வயசு தாண்டிய மர வீடுகள் இங்கே சர்வ சாதாரணம். 1978க்கு முன் கட்டியது என்றால் ஈயப் பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை அந்த வீட்டில் இருந்தால் அந்த ஆபத்தைச் சரிசெய்வது மாசசூசெட்ஸ் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு, அதற்கு ஆகும் செலவு சின்னதில்லை. அடித்தளத்தில் ஹீட்டருக்கான எண்ணெய்த் தொட்டி, சுவருக்குள் பீங்கான் குமிழில் ஓடும் பழைய வயரிங், இதையெல்லாம் பார்க்காமல் ஆஃபர் போடாதீர்கள். எனக்கு வாய்த்த ஏஜென்ட் "போட்டி அதிகம், வாங்கும் முன் வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷனை விட்டுக்கொடுங்கள்" என்று நச்சரித்தார், நான் அவரையே விட்டுவிட்டேன். ஆற்றோரம் என்றால் வெள்ள வரைபடத்தையும் பாருங்கள், 2006 மே மாதம் மெரிமாக் பெருகியதை இங்கே இன்னும் பேசுகிறார்கள்.

மூணு மாடி வீடு வாங்கி, ஒன்றில் இருந்துகொண்டு இரண்டை வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. கணக்கு சரியாக வரும், ஆனால் ராத்திரி குழாய் ஒழுகினால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனுக்கு ரயில் முக்கால் மணி நேரம், தினமும் போக எனக்கு அது ஓகே.

அப்புறம் ஒன்று, பனிப்புயல் நாளில் தெருவில் வண்டி நிறுத்தத் தடை போடுவார்கள், மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டிரைவ்வே இல்லாத வீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் உள்ளே போய்க்கூடப் பார்க்க மாட்டேன்.