தோசைக்கல் பீட்சா: எந்தச் சீஸ், எந்தத் தக்காளி வாங்கலாம்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் மணல் பிரிவு என் பொறுப்பு. இரும்பு வார்க்கும் அச்சுக்கான கிரீன் சாண்ட் என்ற ஈர மணலில் ஈரம் கொஞ்சம் கூடிப்போனால், உருக்கிய இரும்பை ஊற்றும்போது ஆவி வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் ஓட்டை விழுந்துவிடும். அதனால் ஷிஃப்ட் தொடங்கியதும் முதலில் மணலின் ஈரத்தைத்தான் அளப்போம். மகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பீட்சா போட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஆறேழு மாதம் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு களி மாதிரியும்தான் வந்தது. மாவைக் குறை சொன்னேன், அடுப்பைக் குறை சொன்னேன். ஒரு நாள் தட்டில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றும்போதுதான் உறைத்தது, தினமும் வேலையில் பார்க்கிற அதே கோளாறு இது. அன்றிலிருந்து பீட்சாவுக்கு எதை வாங்கினாலும் அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். ருசி அடுத்ததுதான்.

இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்களுடைய விறகு அடுப்பின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். 60 முதல் 90 நொடியில் பீட்சா வெளியே வந்துவிடும். நம் வீட்டு ஓடிஜி (சின்ன மின்சார அடுப்பு) 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதில் ஒரு பீட்சா வேக ஒன்பது, பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் மேலே போட்ட தக்காளி, காளான், சீஸ் எல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். கீழே மாவு அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இத்தாலியச் சமையல் குறிப்பை அப்படியே நம் வீட்டில் செய்தால் சொதப்புவதற்கு இதுதான் காரணம். பொருளை நம் அடுப்புக்குத் தகுந்த மாதிரி பார்த்து வாங்க வேண்டும்.

சீஸில்தான் நான் அதிகம் பணம் தொலைத்தேன். பேக்கரி சாமான் விற்கும் ஒரு கடையில் 'பீட்சாவுக்கு இதுதாங்க எல்லாரும் வாங்கறாங்க' என்று ஒரு கிலோ கட்டியைக் கொடுத்தார்கள். மற்றதைவிட விலை நன்றாகவே குறைவு. அடுப்பில் வைத்தால் உருகாமல் மினுமினுவென்று எண்ணெய் விட்டது. ஆறினதும் ரப்பர் செருப்பைக் கடிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். பால் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தாவர எண்ணெய், மாவுச்சத்து. உறையின் முன்பக்கத்தில் சீஸ் என்ற சொல்லே இல்லை, 'அனலாக்', அதாவது சீஸ் மாதிரி, என்றுதான் போட்டிருந்தது. தாவர எண்ணெய் கலந்த பொருளை வெறும் சீஸ் என்று பெயர் போட்டு விற்க நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. படித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கடைக்காரர் வாயால் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அதைச் சாப்பிட்டது என் பிள்ளை.

அதனால் சீஸ் வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். பால், உப்பு, கல்ச்சர் (உறை மாதிரி), ரென்னெட் (பாலைத் திரிப்பது) என்று பட்டியல் குட்டையாக இருந்தால் எடுக்கலாம். எண்ணெய் என்ற சொல் கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். இன்னும் சந்தேகம் என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சூடான தோசைக்கல்லில் சுண்டைக்காய் அளவு சீஸ் வைத்து ஒரு நிமிடம் கழித்துக் கரண்டியால் தூக்கிப் பாருங்கள். பீட்சாவுக்குப் போடும் சீஸான மொசரெல்லா நல்லதாக இருந்தால் பரவி, கம்பி கம்பியாக இழுபடும். வெந்நீரில் போட்டு இழுத்துப் பிசைந்து செய்வதால் வருகிற குணம் அது. அன்றைக்கு நான் வாங்கிய கட்டி அசையாமல் எண்ணெய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

மொசரெல்லாவிலும் இரண்டு ஜாதி. ஒன்று, தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை; அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இன்னொன்று, ஈரம் குறைத்துக் கட்டியாக வருவது. மச்சினன் ஒரு முறை ஆரோவில்லில் இருந்து ஐஸ் பெட்டியில் வைத்து உருண்டை மொசரெல்லா கொண்டுவந்தான். ருசி என்றால் ருசி, பச்சைப் பால் வாசம் அப்படியே இருந்தது. ஆனால் அப்படியே பிய்த்துப் போட்டிருந்தால் பீட்சா குளமாகியிருக்கும். பிய்த்து வடிகட்டியில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் கீழே கிண்ணத்தில் கால் டம்ளர் தண்ணீர். அதையும் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பயன்படுத்தினேன். விசேஷ நாளுக்கு இந்தப் பாடு படலாம்.

வாரா வாரம் செய்கிறவர்களுக்கு ஈரம் குறைந்த கட்டிதான் சரி. எங்கள் வீட்டில் அமுல் மொசரெல்லா கட்டி. எந்த டிபார்ட்மென்ட் ஸ்டோரிலும் கிடைக்கிறது, உருகுவதிலும் இழுபடுவதிலும் இதுவரை ஏமாற்றியதில்லை. துருவியே வரும் பாக்கெட்டை நான் எடுப்பதில்லை. ஒட்டாமல் இருக்கச் செல்லுலோஸ் அல்லது ஸ்டார்ச் தூவியிருப்பதால் உருகும்போது அந்த வழவழப்பு குறைகிறது. கட்டியை வாங்கித் துருவ ஐந்து நிமிடம் ஆகுமா? மொசரெல்லாவுக்குத் தனியாகப் பெரிய ருசி கிடையாது, அதனால் நான்கு பங்குக்கு ஒரு பங்கு செடார் சேர்க்கிறேன். பத்து அங்குல பீட்சாவுக்கு மொத்தம் 90 கிராம் போதும். கூடப் போடப் போட எண்ணெய்தான் மிதக்கும்.

அடுத்தது தக்காளி. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு விடிகாலை ஆறு மணிக்குப் போனால் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தக்காளி கூடை கூடையாக இறங்கியிருக்கும். நான் வழக்கமாக வாங்குகிற அக்கா முதல் நாள் கேட்டது: "ஏனுங்க சாமி, ரசத்துக்குங்களா, தொக்குக்குங்களா?" பீட்சாவுக்கு என்றதும் கொஞ்சம் யோசித்து, "அப்பத் தொக்குக்கு எடுக்கறாப்புல எடுத்துக்கங்க. அமுக்குனா விரலு பதியக் கூடாதுங்க" என்றார். இத்தனை வருடத்தில் தக்காளியைப் பற்றி எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான். நாட்டுத் தக்காளி உருண்டையாக, புளிப்பாக, உள்ளே சாறும் விதையுமாக இருக்கும், ரசத்துக்கு ராஜா. நீளவாட்டில் இருக்கும் பெங்களூர் தக்காளியில் சதை தடிமன், சாறு குறைவு, புளிப்பும் குறைவு. பீட்சாவுக்கு இரண்டும் வேண்டும். அரைக் கிலோ பெங்களூர் தக்காளிக்கு இரண்டே இரண்டு நாட்டுத் தக்காளி என் கணக்கு.

பாதியாக நறுக்கி, விதையைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, உப்புத் தூவி அரை மணி நேரம் வடிகட்டியில் வைக்கிறேன். (வடிந்த சாறு வீணாவதில்லை, அம்மா அதிலேயே ரசம் வைத்துவிடுகிறார்.) அப்புறம் ஒன்றிரண்டாக அரைத்து, எண்ணெயில் பூண்டு போட்டுச் சுருள வதக்கினால் கால் கிலோ கெட்டிச் சாஸ் வரும். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். மூன்று பீட்சாவுக்குப் போதும். பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் ஒரு பல்லே தாராளம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, அத்தனை காரசாரம். அதைத் தட்டிப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விழுதாக்கினால் தக்காளியை மறைத்துவிடும்.

இத்தாலியில் இருந்து டப்பாவில் வரும் சான் மர்சானோ தக்காளியும் வாங்கிப் பார்த்தேன். வெசுவியஸ் எரிமலைப் பக்கத்துச் சமவெளியில் விளைவது; 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. டப்பாவில் அந்தப் பாதுகாப்பைக் காட்டும் டிஓபி முத்திரை இருந்தால்தான் அசல். நல்ல இனிப்பு, விதை குறைவு, கையால் நசுக்கி உப்புப் போட்டாலே சாஸ். ருசியில் நம்முடையதைவிட ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு டப்பா விலைக்கு இங்கே பல கிலோ தக்காளி வாங்கலாம். மகள் பிறந்தநாளுக்கு ஒரு டப்பா, மற்ற நாளெல்லாம் சந்தைத் தக்காளி. பாட்டிலில் வரும் பீட்சா சாஸ் வகைகளை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் வருத்தப்பட்டேன். சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது.

மாவுக்கு வருகிறேன். '00' என்று எழுதிய இத்தாலிய மாவு வாங்கினால்தான் பீட்சா வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் மாவில் எவ்வளவு தவிடு நீக்கியிருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு இழுவை வரும் என்பதைச் சொல்லாது. இழுவைக்குப் பாக்கெட்டில் புரோட்டீன் அளவைப் பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நம் மைதாவே போதும். எங்கள் தெருமுனையில் பரோட்டா போடும் மாஸ்டர் எந்தக் கடையில் மைதா எடுக்கிறார் என்று கேட்டு அங்கேயே வாங்குகிறேன். வீசி அடிக்கும்போது கிழியாத மாவு பீட்சாவுக்கும் கிழியாது. 300 கிராம் மைதா, 185 கிராம் தண்ணீர், 6 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இது இரண்டு பீட்சாவுக்கு. தண்ணீரைக்கூட நான் தராசில்தான் நிறுக்கிறேன். சனிக்கிழமை மதியம் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஞாயிறு மாலை எடுக்கலாம். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் மாவு சீக்கிரம் புளித்துத் துவண்டுவிடும்.

இலை விஷயத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். பேசில் இலை சூப்பர் மார்க்கெட்டில் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் வாடிக் கிடக்கும். பேசில் என்பது நம் திருநீற்றுப் பச்சிலைதான் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஜிகர்தண்டாவிலும் ஃபலூடாவிலும் சிலர் போடும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதை. நாட்டு மருந்துக் கடையில் சின்னப் பொட்டலம் வாங்கித் தொட்டியில் தூவினேன். ஒன்றரை மாதத்தில் மொட்டை மாடி மணக்க ஆரம்பித்துவிட்டது. இத்தாலிய வகையின் இலை பெரிது, மென்மை. நம்முடையது சிறிசு, கொஞ்சம் காட்டமான சோம்பு வாசம். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கிறது. அடுப்பில் இருந்து எடுத்த பிறகு தூவுங்கள், பத்து நிமிடம் உள்ளே இருந்தால் கருகிவிடும். ஓரிகானோ இலையின் வாசத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற பொருள் நம் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது. ஆனால் அந்த இலை தடிமன், தண்ணீரும் அதிகம். ஒரே ஒரு இலையைப் பொடியாக நறுக்கிச் சாஸ் வதங்கும்போது போட்டால் போதும். கூடினால் கஷாய வாசம் வந்துவிடும்.

மேலே போடும் காய்களில் சின்ன வெங்காயத்துக்கு முதலிடம். பாதியாக நறுக்கி எண்ணெயில் புரட்டிப் போட்டால் ஓரம் கருகி உள்ளே இனிக்கும். பெரிய வெங்காயத்தில் அந்த இனிப்பு வருவதில்லை. காளானில் மொட்டுக் காளான் பச்சையாகப் போடவே கூடாது, எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெறும் வாணலியில் உப்பில்லாமல் வதக்கி, தண்ணீர் வற்றியதும் எடுக்கவும். கிடைத்தால் பால் காளான் வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே 2 என்று வெளியிட்ட ரகம். சதை கெட்டி, வேகும்போது சுருங்கிக் காணாமல் போவதில்லை. பன்னீரைத் துணியில் சுற்றி மேலே கல் வைத்து அரை மணி நேரம் அழுத்தவும். குடைமிளகாய் மெல்லிசாக. ஆலிவ், ஸ்வீட் கார்ன் இரண்டும் என் வீட்டில் போணியாகவில்லை. அன்னாசி மகளுக்கு உயிர். 1962-ல் கனடாவில் ஒருவர் தொடங்கி வைத்தது. பழுத்த பழமாக வாங்கித் துண்டுகளைத் துணியில் ஒற்றிவிட்டுப் போட்டால் எனக்கும் மறுப்பில்லை.

அசைவத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில் போட்டுச் சுருள வறுப்பதால் அதில் சாறே இருக்காது. எலும்பில்லாத கறியை வழக்கத்தைவிடச் சின்னதாக வெட்டி முன்கூட்டியே முழுதாக வேகவைத்துவிட வேண்டும். செடார் கலந்த சீஸ் மேல் அந்தத் தேங்காய்ச் சில் வறுபடும்போது வரும் வாசத்துக்காகவே எங்கள் மாடி வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருகிறார்கள். எதைப் போட்டாலும், சீஸ் தவிர்த்து மொத்தம் 100 கிராமைத் தாண்டாதீர்கள்.

கடைசியாகக் கல். பீட்சா ஸ்டோன் என்று தனியாக வாங்க வேண்டியதில்லை. ஓடிஜிக்குள் நுழையும் அளவில் தடிமனான வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்கி, முழுச் சூட்டில் 40 நிமிடம் காயவைத்து, அதன்மேல் பீட்சாவை இறக்குங்கள். அடிப்பக்க ஈரம் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். வாங்கும்போது விரலால் தட்டி, புரட்டிப் பாருங்கள். குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் மணலில் ஈரம் கூடிப்போன வார்ப்பாக இருக்கும், வேறு எடுங்கள். வேலை முடிந்து கல் ஆறியதும் சோப்புப் போடாமல் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். திங்கள் காலை தோசைக்கு வேண்டும்.