கையடக்க பிஎம் 2.5 மீட்டர்: திருவொற்றியூர் வீட்டில் வைத்துப் பார்த்ததில்

உள்ளங்கையில் அடங்குகிற காற்றுத்தூசி மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விலை நாலாயிரத்துச் சொச்சம். பையனுக்கு வீசிங் உண்டு. எந்த நேரத்தில் இழுக்கிறது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். மேற்கே மணலி தொழிற்சாலைகள், வடக்கே எண்ணூர், தெருமுனையைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை. இதில் எதைக் குறிப்பது என்று புரியாமல்தான் இதை வாங்கினேன். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வாங்கலாமா என்று கேட்டால், வீட்டில் இளைப்புக்காரர் யாராவது இருந்தால் கட்டாயம் வாங்குங்கள் என்பேன். இது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கருவி எளிமையானது. பக்கவாட்டில் ஒரு குட்டி ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே லேசர் ஒளி ஓடும். துகள் குறுக்கே வந்தால் ஒளி சிதறும். அந்தச் சிதறலை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று திரையில் எண் வரும். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரானுக்கு மேல் போகாத நுண்துகள். 2.5 மைக்ரான் என்பது தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்த முடியாத அளவு. நுரையீரலின் அடிவரை போகும், அங்கிருந்து ரத்தத்திலும் சேரும். அதனால்தான் இது இளைப்புக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை, இருதயத்துக்கும் கேடு.

வந்த அன்றே மீட்டரைப் பையனின் கட்டிலில் வைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. எண் நாற்பதை ஒட்டி நின்றது. வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில் கொசுவத்தியைக் கொளுத்தினேன். மெல்லிய ஒற்றைக்கோடாகத்தான் புகை எழுந்தது. எண் அறுபது, நூற்றிருபது, இருநூறு என்று ஏறிக்கொண்டே போய், நான் சமையற்கட்டிலிருந்து திரும்பி வரும்போது நானூறைத் தாண்டியிருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. அதன் பக்கத்தில் பையன் தலையணையைக் கட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தான். வத்தியை எடுத்துப்போய்த் தண்ணீரில் முக்கினேன். ஒரு கொசுவத்தி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு இந்த நுண்துகளை விடுகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மறுநாளே கொசுவலை வாங்கிக் கட்டிவிட்டோம். மீட்டருக்குக் கொடுத்த காசு அன்றைக்கே வசூலாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் சாம்பிராணி. செவ்வாய், வெள்ளி தவறாமல் அத்தை போடுவார். எண்ணைக் காட்டியபோது, "சாம்பிராணி போட்டாத்தாம்மா வீடு வீடா இருக்கும். இத்தனை வருஷமா போடுறேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் வாதாடவில்லை. மீட்டரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். சிவப்பு வந்ததும் அவராகவே முன்வாசலையும் பின்வாசலையும் திறந்துவைத்தார். இப்போதும் சாம்பிராணி உண்டு; பையன் மாடியில் விளையாடும் நேரத்தில், கதவுகள் திறந்திருக்க. மிளகாய் தாளிப்பு, அப்பளம் பொரிப்பு, கருவாடு வறுவல் எல்லாமே எண்ணை ஏற்றிவிடுகின்றன. எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும்போதே போட்டால் ஏற்றம் பாதிதான். அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும்.

வெளிக்காற்றுக்கும் ஒரு நேர ஒழுங்கு இருப்பது மீட்டர் வந்த பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் கடற்காற்று வீச ஆரம்பித்தால் எண் இறங்கும். ராத்திரி ஏறி, விடியற்காலையில், குறிப்பாக மார்கழி, தை மாதங்களில், உச்சத்தில் நிற்கும். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் புகையைத் தெருவோடு அமுக்கிவைப்பதுதான் காரணம். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நாலரைக்கே ஜன்னலைத் திறக்கிற வழக்கத்தை விட்டுவிட்டோம். மதியம் திறக்கிறோம், படுக்கப் போகும்போது சாத்துகிறோம். போகி அன்று விடியலில் மாடியில் வைத்தபோது முந்நூறுக்கு மேல் நின்றது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. தெருப்பிள்ளைகள் மேளம் அடிக்கட்டும், அது அவர்களின் சந்தோஷம். டயரையும் பிளாஸ்டிக்கையும் நெருப்பில் போடாமல் இருந்தால் போதும். பழைய பொருட்களைக் கொளுத்தாமல் மாநகராட்சியிடம் கொடுத்துவிடலாம்.

இனி இது காட்டாதவை. முதலில் லாரித் தூசி. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்ணைத் திறக்க முடியாத புழுதியில் நின்று பார்த்தால், எதிர்பார்த்த அளவுக்கு எண் ஏறவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சாலைப்புழுதி பெரும்பாலும் பெரிய துகள்கள். இந்த விலைக் கருவிகள் அவற்றைச் சரியாக எண்ணுவதில்லை. திரையில் பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்கள்) என்று காட்டும் எண்ணை நம்பி எதுவும் செய்யாதீர்கள். அடுத்தது ஈரப்பதம். பனிமூட்டமான காலையில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்வதால் எண் கூடுதலாகவே வரும். போகிக் கணக்கிலும் கொஞ்சம் பனி சேர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வாயுக்கள் இதில் தெரியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கைக்குழந்தைகளோடு வீதிக்கு ஓடிவந்தார்களே, அந்த வாயுவை இந்தக் கருவியால் அடையாளம் காண முடியாது. மூக்கு எரிந்தால், திரை பச்சையாக இருந்தாலும் வெளியேறுங்கள். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடும் அப்படித்தான். வாயுவாக இருக்கும்வரை கணக்கில் வராது, காற்றில் மாறி சல்பேட் துகளான பிறகுதான் வரும். எண்ணூர் பக்கத்து வல்லூர் அனல்மின் நிலையத்தில் மட்டும் 1,500 மெகாவாட் அளவுக்கு நிலக்கரி எரிகிறது. அனல்மின் நிலையங்கள் இந்த வாயுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது 2015 டிசம்பரில். கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கொசுவத்தியை நான் அணைத்துவிட்டேன். புகைபோக்கிகளுக்கு ஏன் இத்தனை வருஷ அவகாசம் என்ற கோபம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

எண்ணைப் படிப்பதில் ஒரு குழப்பம் வரும். மீட்டர் காட்டுவது மைக்ரோகிராம், செய்தியில் சொல்வது காற்றுத் தரக் குறியீடு. இரண்டும் ஒன்றல்ல. பிஎம் 2.5 அறுபது மைக்ரோகிராம் என்றால் நம் நாட்டுக் குறியீட்டில் 100. தொண்ணூறு என்றால் 200. ஒரு நாள் சராசரி 60-ஐத் தாண்டக்கூடாது என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு வெறும் 15. திரையின் பச்சையும் சிவப்பும் எந்த நாட்டு அளவுகோல் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி நிலைய அளவும் கிடைக்கும். அது 24 மணி நேரச் சராசரி, நம் மீட்டர் அந்த நொடியின் அளவு. ஒப்பிடுவதானால் நாள் முழுக்க வெளியே நிழலில் வைத்துச் சராசரி பாருங்கள்.

குறை என்றால், நான் வாங்கிய மாடலில் பழைய அளவுகள் பதிவாகாது. நோட்டில் நானேதான் எழுதுகிறேன். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா எண் பச்சையா இருக்குன்னு இன்ஹேலரை நிறுத்திடாதீங்க" என்றார். ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, வலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வாங்குகிறவர்கள் பதிவு வசதி உள்ளதாகப் பாருங்கள், ஐந்நூறு, ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. கார்பன் டை ஆக்சைடு, ஃபார்மால்டிஹைடு என்று ஏழெட்டு எண்களை ஒரே மலிவுக் கருவியில் காட்டுவதை வாங்காதீர்கள். அவற்றில் பல நேரடி அளவே அல்ல, வேறு ஒன்றை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. பிஎம் 2.5 ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காட்டினால் போதும். எப்போதும் ஆனில் வைக்காதீர்கள், ஃபேனும் லேசரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இளைப்புக்காரர் இல்லாத வீடு என்றால் சொந்தமாக வாங்கவே வேண்டாம். தெருவுக்கு ஒன்று இருந்தால் வாங்கிப்போய் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். எங்களுடையது இப்போது எதிர்வீட்டில் இருக்கிறது.