டாக்டர் வண்டி என்றார்கள், டிராவல்ஸ் வண்டி தந்தார்கள்: பழைய டீசல் கார் வாங்குகிறவர்களுக்கு

சென்னையில் பழைய டீசல் கார் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அதுவும் சொந்த ஊருக்கு அடிக்கடி ஓட்டிப் போகத்தான் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆற்காடு சாலையில் ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் நான் வாங்கிய வண்டி, மதுரை போகிற வழியில் உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே வயதான அம்மா, நல்ல வெயில். வழக்கு நடப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. என்னென்ன செய்து அந்த வண்டியை என் தலையில் கட்டினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இந்த வேலைகள் எல்லாம் இந்தத் தொழிலில் சகஜம் என்று வண்டியைப் பிரித்த மெக்கானிக்கே சொன்னார்.

டீசல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மதுரை இங்கிருந்து சுமார் 460 கிலோமீட்டர். அப்பாவின் வைத்தியம், வீட்டு வேலை, நிலத்து விவகாரம் என்று மாதத்தில் பாதி வார இறுதிகள் ஜி.எஸ்.டி. சாலையில்தான் கழிகின்றன. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பிருந்த பெரிய இடைவெளி இல்லைதான். ஆனாலும் நெடுஞ்சாலையில் டீசல் கொடுக்கிற மைலேஜும் இழுவையும் தனி. நான் பார்த்தது 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் வண்டி. ஃபியட் வடிவமைத்த இந்த 1248 சிசி எஞ்சினை மாருதி, டாடா என்று பலரும் பயன்படுத்தியதால் தேசிய எஞ்சின் என்றே கிண்டலாகச் சொல்வார்கள். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருப்பார். பி.எஸ். 4 புகை விதிக் காலத்து வண்டி என்பதால், டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. எஞ்சின் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

2013 மாடல், மீட்டரில் 82,000 சொச்சம். விலை 3 லட்சத்து 90 ஆயிரம். விற்றவர் பேச்சில் தேன் வழிந்தது. "சார், டாக்டர் வண்டி சார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு. ஃபுல்லா ஷோரூம் சர்வீஸ்." ஆர்.சி.யில் இரண்டாவது உரிமையாளர் என்று இருக்கிறதே என்றேன். யோசிக்கக்கூட இல்லை. "முதல் பேரு அவங்க மிஸஸ் பேரு சார். வீட்டுக்குள்ளேயே மாத்தினதுதான். சிங்கிள் ஓனர்னே வெச்சுக்குங்க." முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தையும் எடுத்து நீட்டினார். கடைசி முத்திரையில் இருந்த கிலோமீட்டரும் மீட்டரில் இருந்ததும் கச்சிதமாகப் பொருந்தின.

வண்டி விவரம் தெரிந்த என் மச்சானும் கூட வந்திருந்தார். நாங்கள் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. இப்போதுதான் வாட்டர் வாஷ் பண்ணி எடுத்து வந்தோம் என்றார்கள். ஓட்டிப் பார்க்க, வடபழனி பக்கம் போய்த் திரும்பி வருகிற அளவுக்குத்தான் விட்டார்கள், கடைப் பையன் ஒருவன் பக்கத்தில். நெரிசலில் மூன்றாவது கியரைத் தாண்டவே வழியில்லை. கேட்டால் "இன்ஷூரன்ஸ் ரூல்ஸ் சார்". அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்ட்டி கிளம்பி வந்துகொண்டிருப்பதாக போன் வேறு. டோக்கன் அட்வான்ஸ் வாங்கினார்கள், அப்புறம் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு டெலிவரி நோட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் பொடி எழுத்தில், வண்டியை உள்ளது உள்ளபடியே பெற்றுக்கொண்டேன், ஓடிய கிலோமீட்டருக்குக் கடை பொறுப்பல்ல என்று ஒரு வரி. எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான் என்றார்கள்.

ஊருக்குள் ஓட்டியவரை ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைவு. மதுரைக்குக் கிளம்பிய அன்று விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி, ஏ.சி. போட்டுக்கொண்டு 100-க்குப் பக்கத்தில் சீராகப் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு மீட்டரில் எரிந்தது. ஓரம் கட்டி எஞ்சினை அணைப்பதற்குள் பானெட் இடுக்கிலிருந்து ஆவி. 1033-க்கு போன் செய்ததும் ரோந்து வண்டிக்காரர்கள் வந்து, இழுத்துப் போக ஏற்பாடு செய்தார்கள். இந்த எண்ணை எல்லாரும் போனில் போட்டு வையுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் எங்கு நின்றாலும் உதவும். அம்மாவை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் வண்டியை லாரியில் சென்னைக்குக் கொண்டுவந்தேன்.

பிரித்தவர் ஜாபர்கான்பேட்டை பக்கம் ஒரு பாய். டீசல் வேலை மட்டும்தான் பார்ப்பார். முதலில் ஃபேன் வயரைக் காட்டினார். எஞ்சின் சூடானால் ஓடி, ஆறினால் நிற்க வேண்டிய ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணியிருந்தார்கள், சாவி போட்டதுமே சுற்றத் தொடங்கும்படி. அடுத்து தெர்மோஸ்டாட். உள்ளே இருக்கவேண்டிய வால்வைப் பிடுங்கிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் திரும்ப மாட்டியிருந்தார்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது அந்த வால்வின் வேலை. அது இல்லையென்றால் தண்ணீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஊருக்குள் ஓட்டுகிறவரை எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. மைலேஜ் குறைந்த காரணமும் அதுதான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டி ஓடவிட்டுப் பார்த்திருந்தால், 80, 90 டிகிரியில் நிற்கவேண்டியது 60-களிலேயே கிடப்பது தெரிந்திருக்கும் என்றார் பாய்.

இவ்வளவு வேலையும் எதை மறைக்க? எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கட் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததை. சிலிண்டருக்குள் எரிகிற வாயு கேஸ்கட் வழியாகத் தண்ணீர்ப் பாதையில் புகுந்து அழுத்தம் ஏற்றும். மெதுவாக ஓட்டினால் அழுத்தம் குறைவு, ஃபேனும் சுற்றிக்கொண்டே இருப்பதால் தாக்குப்பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் மிதித்தால் தண்ணீரை வெளியே துப்பிவிடும். கூலன்ட் இருக்கவேண்டிய இடத்தில் துருநிறத்தில் வெறும் குழாய்த் தண்ணீர். அது வேறு பாதையை அரித்து வைத்திருந்தது.

ஆயிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி, இரண்டு விரலில் தொட்டுப் பிரித்துக் காட்டினார் பாய். அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு மாதிரி கம்பி இழுத்தது. டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது பெரிய விஷயமில்லை, மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். இந்தக் கெட்டித்தன்மைதான் தப்பு. தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மறைக்க, கெட்டியாக்குகிற மருந்தை ஊற்றி விற்பது பழைய வித்தையாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்து வைத்தால், ரிங் போன வண்டியில் மூடி குதிக்கும், குபுகுபு என்று புகை வரும். கடையில் மச்சான் இதைச் செய்து பார்த்தார், லேசாகத்தான் புகை வந்தது. பாகு வேலை செய்திருக்கிறது.

பாய் சொல்லித்தான், அந்த கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஆர்.சி.யோடு போய் வண்டியின் பழைய பதிவுகளை எடுத்தேன். கடைசியாக அங்கே வந்தது 2018-ல். அன்றைக்கே மீட்டர் 2 லட்சத்து 11 ஆயிரம். ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடி சர்வீஸுக்கு வந்திருக்கிறது. எந்த டாக்டர் மாதம் பத்தாயிரம் ஓட்டுவார்? வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் ஒரு டிராவல்ஸ் நிறுவனம். டி போர்டு (வாடகை) வண்டியை ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றி, மீட்டரைக் குறைத்து, சர்வீஸ் புத்தகத்தையும் பொய்யாகத் தயாரித்திருக்கிறார்கள். டி போர்டிலிருந்து மாற்றுவது சட்டப்படி செய்யக்கூடியதுதான். அதை மறைத்து விற்றதுதான் மோசடி.

தெரிந்த பிறகு பார்த்தால் தடயம் எல்லாம் வண்டியிலேயே இருந்தது. சொந்தக்காரர் ஓட்டும் வண்டியில் டிரைவர் சீட்டும் டிரைவர் கதவும்தான் முதலில் தேயும். இதில் புது சீட் கவரைக் கழற்றினால், பின்சீட்டில் இடது பக்கம் மட்டும் ஸ்பாஞ்ச் குழிந்து கிடந்தது, சவாரி உட்காருகிற இடம். பின்னால் இடது கதவுக் கைப்பிடியின் உள்பக்கம் நகம் பட்டுப் பட்டு பெயிண்ட்டே இல்லை. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு 80-க்கு மேல் போகாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவார்கள் இல்லையா, அதைக் கழற்றிய வயர்கள் டேப் சுற்றி ஆக்சிலரேட்டர் பெடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. பெடல் ரப்பர் மூன்றும் புத்தம் புதுசு. 82,000 ஓடிய வண்டிக்கு பெடல் ரப்பர் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆகவே, தொலைதூரம் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தொலைவில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்து, காலையில் குளிர்ந்த எஞ்சினோடு வண்டி வேண்டும் என்று கேளுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் டைமிங் செயின் சத்தம், புகையின் நிறம், கூலன்ட் டப்பாவில் குமிழி எல்லாமே தெரியும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ கேஸ்கட்டோ. அப்புறம் பரனூர் சுங்கச்சாவடி வரையாவது ஏ.சி. போட்டு ஓட்டிப் போய்த் திரும்புங்கள். டீசலும் டோலும் என் செலவு என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். இந்த ஊரில் பழைய டீசல் வண்டிக்குப் பஞ்சமில்லை.

காகித விஷயத்தில் எல்லாருக்கும் தெரிந்ததை விடுகிறேன். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உரிமையாளர் எண்ணிக்கை, கடன் பதிவு, காப்பீடு எல்லாம் பார்க்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். நான் பிறகு கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். டெல்லிப் பதிவு வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசலுக்குத் தடை உத்தரவு வந்ததால். நம் ஊரில் அந்தத் தடை இல்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), மறுபதிவு, இங்கே திரும்பவும் சாலை வரி என்று சேர்த்துப் பார்த்தால் மலிவெல்லாம் போய்விடும். 15 ஆண்டு முடியும்போது ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாயும் அதற்கு மேல் பசுமை வரியும் உண்டு என்பதையும் விலையில் கழித்துப் பேசுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் மூழ்கிய வண்டிகளும் சந்தையில் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "யூஸ்டு கார் சார், புது வண்டியா குடுத்தோம்? பேப்பர்ல நீங்கதானே கையெழுத்து போட்டீங்க" என்றார் விற்றவர். ஹெட் ஃபேஸிங், கேஸ்கட், ரிங் செட், தெர்மோஸ்டாட் என்று பில் 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பாதியாவது கொடுங்கள் என்றதற்கு, இரண்டு லட்சத்துக்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தாராள மனசு.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் போட்டாயிற்று. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். வழிகாட்டல் தேவையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேட்கலாம். டெலிவரி நோட்டின் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம், பொய் சொல்லி விற்றதற்கு அது கவசமாகாது என்பதுதான் எங்கள் வாதம். கையில் இருக்கும் பலமான சாட்சி, 82,000 கி.மீ., சிங்கிள் ஓனர் என்று போட்டிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், விற்றவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவும். பேரம் பேசும்போதே எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விளம்பரத்தை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். மாற்றிய பழைய பாகங்களை மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள், நிபுணர் பரிசோதனைக்கு ஆணையம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அதே காரணத்தால்தான் வழக்கு முடியும்வரை வண்டியையும் விற்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.